அக்கா வீட்டுக்கு வந்த தீவு

தீவு ஒன்று எங்கள் பட்டினத்துக்கு விருந்தாளியாக வந்து நின்ற மாசி மாதத்தைப் பற்றி நோர்வேயின் வடகோடியில் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள், ஆளுக்கு ஆள் அது நீளும் சுருங்கும், ஆனால் அந்தத் தீவை வாய்விட்டு அழைத்தவள் என் கூடப்பிறந்த அக்கா சிவமலர், அழைத்த நேரம் பக்கத்தில் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு முறுக்குத் தின்றபடி நின்றவள் நான், ஆகவே என்னிடம் கேட்பதுதான் முறை.

நாங்கள் அந்தத் தீவுக்குப் போனது ஒரு பிரியாவிடைப் பயணம். அத்தான் கமலநாதன் பஸ் ஓட்டுகிறவர், தெற்கே ஒஸ்லோவில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது, பங்குனி முடிய அக்காவும் அத்தானும் மகள் ஆரணியும் வீட்டைக் காலிசெய்துகொண்டு போவதாக இருந்தது. அதே வீட்டின் மேல்மாடியில் குடியிருந்த நான் தனியே மிஞ்சுவேன். ஆனால் போகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளே அக்கா என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

அக்காவுக்கு ஒரு வியாதி இருந்தது. கண்டவரை எல்லாம் வீட்டுக்கு வரச்சொல்லி அழைப்பாள். மீன் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் பெண்களை, பல் பிடுங்கின வைத்தியரை, வீதியில் பனி வழிக்கும் இயந்திரக்காரனை, மின்சார மீற்றர் பார்க்க வந்தவனை, ஒருவர் விடாமல் அழைப்பாள். அவர்கள் சிரித்து, நன்றி, மிக நல்லது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவரும் வந்ததில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தப்பித்தவறி யாராவது வந்தால் என்று அக்கா ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டு, அது மிஞ்சி, ஞாயிற்றுக்கிழமை நாங்களே தின்று எங்கள் இடுப்பளவு மட்டும் கூடியதுதான் கண்ட பலன். கடைசியில் அவளுக்கு வெறுத்துப்போயிற்று. "ஒஸ்லோவில எண்டாலும் எங்கட சனம் வந்துபோகும். இஞ்ச ஒரு குஞ்சு எங்கட வாசல்படி மிதிக்குதில்லை" என்று அழுதாள். ஊரில் மிச்சம் இருந்த ஆறு தமிழ்க் குடும்பமும் இதே கதையைத்தான் தங்கள் தங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

போவதற்கு முன் ஒருதரமாவது லோம்யாத் தீவைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆரணி பிடிவாதம் பிடித்தாள். பதினாறு வயது, வடக்கிலேயே பிறந்தவள், ஒஸ்லோ என்றால் அவளுக்கு வேப்பெண்ணெய். அத்தான் வேலைத்தலத்துச் சிநேகிதன் ஒருவனிடம் கேம்பர் வான் இரவல் வாங்கினார். கூடாரம், நான்கு உறக்கப் பைகள், எரிவாயு அடுப்பு, இடியப்பம், சம்பல், பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணீர். புறப்படுமுன் நாலு சில்லுக்கும் கீழே அக்கா எலுமிச்சம்பழம் வைத்தாள். குளிரில் அது கருங்கல்லாக உறைந்து, வான் அதன்மேல் ஏறி இறங்கியதில் எங்கள் பல் எல்லாம் கிடுகிடுத்தது. பழம் நசியவில்லை. அத்தான் இறங்கிப் பார்த்து, நல்ல சகுனம் என்றார். அவருக்கு எதுவும் நல்ல சகுனம்தான்.

கார் ஏற்றும் கப்பல் எங்களைத் தீவில் இறக்கிவிட்டபோது எல்லா வாகனமும் ஒரு பக்கம் திரும்ப, அத்தான் மற்றப் பக்கம் திருப்பினார். மலை வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும், சுற்றினால் வலம்தான் சுற்றவேண்டும் என்பது அவர் கட்சி. அந்த மலையைப் பார்த்தவுடன் அக்கா கும்பிட்டது வேறு கதை. தை மாதக் கடைசி, இரண்டு மாதமாக முகம் காட்டாத சூரியன் அப்போதுதான் மதியவேளையில் கடலுக்கு மேலே சிவப்பாக ஒரு கீற்றுக் காட்டி ஒளிந்துகொள்ளும் காலம், அந்தக் கீற்றைத் துரத்திக்கொண்டு நாங்கள் ஓடினோம், குடாவுக்குக் குடா நிறுத்தினோம், ஆரணி கண்ட பனிக்குவியலில் எல்லாம் பாய்ந்தாள், மான்கள் வந்து எங்கள் கூடாரத்தை முகர்ந்து தும்மின, அத்தான் உறக்கப் பையோடு சறுக்கிப் போய்க் கரை மணலில் நின்றார், நான் என் வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை. ஒருமுறை சுற்றி முடிந்ததும் ஆரணி இன்னொருக்கா என்றாள், அது முடிந்ததும் அக்கா, இரண்டோடு நிறுத்துவது வழக்கமில்லை, மூன்றாக்கு என்றாள். அந்தத் தீவைச் சுற்றி மீன் பிடித்திருக்கிறார்கள், போர் செய்திருக்கிறார்கள், வீதி போட்டிருக்கிறார்கள், ஆனால் சும்மா அதற்காகவே அதை வலம் வந்தவர்கள் நாங்கள்தான் முதல் என்று பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

கூடாரம் அடிக்கும் நிலத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் போர்கில்ட் என்ற பெண்மணி. சொந்தமாகப் படகு வைத்து மீன் பிடிப்பவர், அகலத் தோள், கணக்குப் பார்த்துப் பேசும் வாய். எங்கள் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாரிக் குளிரில் இங்கே படுப்பவர்கள் ஒன்றில் பைத்தியம், இல்லை புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள். நீங்கள் எது?" என்று கேட்டார். "ரெண்டும்தான்" என்றார் அத்தான். போர்கில்ட் சிரிக்கவில்லை, ஆனால் காய்ந்த விறகு ஒரு கட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும் நாள் கப்பலின் தட்டில் நின்று அக்கா தீவைப் பார்த்து, ஒரு வீட்டில் நாலு நாள் தங்கி உண்டவள் வாசல் படலையில் நின்று சொல்வது போலச் சொன்னாள்.

"அப்ப நாங்கள் போட்டு வாறம். நீங்களும் ஒருக்கா எங்கட பக்கம் வாங்கோ. கட்டாயம் வரவேணும். வராட்டி நான் கோவிப்பன்."

எங்கள் ஊரில் இப்படிச் சொல்லாமல் புறப்படுகிறவளை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். கேட்டவர்களும் "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டுத் தங்கள் பாட்டில் இருப்பார்கள். ஆனால் லோம்யாவை அதுவரை யாரும் எங்கும் வா என்று கூப்பிட்டதில்லை. அதற்கு எங்கள் வழக்கம் எப்படித் தெரியும்?

அடுத்த கிழமை ஒரு காலை, அக்காவும் நானும் வேலை செய்த தொழிற்சாலையில் கையுறை மாட்டிக்கொண்டு யன்னல் கண்ணாடி வழியே பார்த்தால், நேற்றுவரை திறந்த கடலாக இருந்த இடத்தில் மலை நின்றது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "லோம்யா வந்திருக்கிறது" என்று சொல்லி, மீன் வரும் பட்டியை ஓடவிட்டார். அக்காவின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

"ஐயோ, வீடு கூட்டேல்லை" என்றாள்.

அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். நாங்கள் துறைமுகத்துக்கு ஓடினோம். தீவு கரையோடு ஒட்டி, ஒரு எட்டில் தாண்டும் இடைவெளி விட்டு, கூச்சப்பட்ட ஆள் போல வடக்கு மூலையைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நின்றது. அதன் வீடுகளின் புகைபோக்கிகள் வழக்கம்போலப் புகைந்தன. அந்தக் கரையில் போர்கில்ட் ஒரு பலகையைத் தூக்கிவந்து இரண்டு கரைக்கும் நடுவே போட்டு, காலால் மிதித்துப் பார்த்து, உறுதிதான் என்று கண்டதும் இந்தப் பக்கம் நடந்து வந்தார். "பால் முடிந்துவிட்டது" என்று சொல்லி நேரே கடைக்குப் போனார்.

அந்த ஒரு பலகையோடு ஊர் தன்னை மாற்றிக்கொண்ட வேகத்தைச் சொல்லவேண்டும். தீவுப் பிள்ளைகள் கப்பலுக்குக் காத்திராமல் பலகையால் பள்ளிக்கூடம் வந்தார்கள், பிந்தி வர இனிச் சாட்டு இல்லை என்பதுதான் அவர்கள் கவலை. கப்பல் கப்டன் வேலையில்லாமல் கோப்பிக் கடையில் இருந்து, தன் கப்பலுக்கு இப்போதுதான் நல்ல ஓய்வு என்று எல்லோரிடமும் சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகை வானிலைக்குக் கீழே, லோம்யா இன்றும் இங்கேயே என்று ஒரு வரி போட்டது. நகரசபை கூடி, துறைமுகத்தில் இத்தனை பெரிய பொருளை நிறுத்தி வைக்க அனுமதி வேண்டுமா என்று விவாதித்து, விருந்தாளிக்கு அனுமதி தேவையில்லை என்று முடிவெடுத்தது, ஆனால் தீவு தன் பனியைத் தானே வழிக்கவேண்டும் என்று ஒரு உறுப்பினர் அடம்பிடித்தார். இரு பக்கப் பிள்ளைகளும் உதைபந்து ஆடினார்கள், பந்து இடைவெளியில் விழும்போதெல்லாம் தீவு மெல்ல நெருங்கி அதைப் பிடித்துக்கொடுத்தது என்று ஆரணி சொன்னாள். எப்படி வந்தது, ஏன் மிதந்தது என்று கேட்க ஒரு பேராசிரியர் விமானத்தில் வந்தார். யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அவரும் கூழ் குடித்துவிட்டுப் போனார்.

கூழ் வந்தது இப்படி. தீவுக்கு என்ன பரிமாறுவது என்று எங்கள் ஏழு வீட்டுப் பெண்களும் அக்காவின் குசினியில் அடுப்பைச் சுற்றிக் கூடி யோசித்தார்கள். ஒருத்தி பால்சோறு என்றாள், ஒருத்தி தீவு கடலிலேயே கிடப்பது, அதற்கு உறைப்புத்தான் பிடிக்கும் என்றாள். கடைசியில் மீன் தலையும் நண்டும் போட்டு, பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி, அண்டாவோடு வானில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனோம். அக்கா முதல் அகப்பையைத் தீவின் கரைக் கல்லில் ஊற்றினாள். கூழ் வழிந்தோடாமல் கல்லுக்குள் சுவறியது, மலை உச்சியிலிருந்து பனி கொஞ்சம் சரிந்து விழுந்தது.

"உறைப்புக் கூடிப்போச்சோ?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லையம்மா, இன்னும் கேக்குது" என்றாள் ஆரணி.

மிச்சக் கூழைத் தீவுச் சனம் குடித்தது. தங்கள் தீவை அழைத்தால் தங்களையும் அழைத்த மாதிரித்தானே, தீவு போய் நிற்கும் நாளே விருந்து நாள்தானே என்று அவர்களுக்குள் பேசி முடிவெடுத்து, அன்று மாலையே முதல் குடும்பம் எங்கள் வீட்டு மணியை அடித்தது. கையில் பூங்கொத்து, வாசலில் வரிசையாகக் கழற்றிவைத்த சப்பாத்து. அக்கா கதவைத் திறந்து சப்பாத்துச் சோடிகளை எண்ணினாள். பிறகு மேசை கொள்ளாமல் சமைத்தாள். மறுநாள் இன்னொரு குடும்பம், அதற்கு மறுநாள் இன்னொன்று. அவர்களைப் பார்த்துப் பட்டினத்துக்காரரும் கூச்சம் விட்டு வந்தார்கள், பல் வைத்தியர்கூட வந்து முறுக்கைக் கண்டு முகம் சுளித்துவிட்டு நாலைத் தின்றார். சனிக்கிழமை அரிசி மிஞ்சவில்லை. அக்காவின் முகத்தில் அந்த நாட்களில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தது.

பயம் ஏனென்றால், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும் வழியில் அவள் துறைமுகத்தில் நின்று, "ஏன் இப்ப அவசரம், நிண்டு ஆறுதலாப் போகலாம்" என்று தீவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அதுவும் எங்கள் வழக்கம்தான். விருந்தாளி எழும்பினால் இருக்கச் சொல்லவேண்டும், மூன்றாம் தரம்தான் விடவேண்டும். தீவோ ஒவ்வொரு தரமும் சொன்ன சொல்லைக் கேட்டு, அடியில் கல் உரசும் சத்தத்தோடு இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

மாசி நடுப்பகுதியில் போர்கில்ட் வந்தார், பூங்கொத்து இல்லாமல். சப்பாத்தைக் கழற்றிக் குசினிக் கதிரையில் இருந்தார்.

"மீன் வந்துவிட்டது" என்றார். வருடம் ஒருமுறை வடதுருவக் கடலிலிருந்து சினையோடு வரும் பெரிய மீன், அதை நம்பித்தான் தீவு முழுவதும் வாழ்கிறது. லோம்யாவின் தென்கரை மறைவில்தான் அது முட்டையிடும். "நேற்றுப் படகில் போய்ப் பார்த்தேன். தீவு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். கலியாண மண்டபம் பூட்டியிருக்க வந்த சனம் மாதிரி மீன் சுற்றிச் சுற்றித் திரிகிறது. இன்னும் சில நாள் பார்த்துவிட்டு வேறு இடம் போய்விடும். ஒருமுறை இடம் மாறினால் பிறகு வராது. இழுவைப் படகு இரண்டு கட்டி இழுத்தோம், கயிறு அறுந்ததுதான் மிச்சம். அது உன் சொல்லைக் கேட்கிறது, சிவமலர். நீ சொல்."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"வந்த ஆளை எப்பிடிப் போங்கோ எண்டு சொல்லுறது?" என்று தமிழில் எங்களைப் பார்த்துக் கேட்டாள். "இத்தினை வருசத்தில என்ர வாசலுக்கு வந்த முதல் ஆள். அது போனா இந்தச் சனமும் போயிடும். பிறகு பழையபடி நானும் அரிசிச் சட்டியும்தான்."

"நாங்களே போகப்போறமேயப்பா. பிறகு இஞ்ச ஆருக்கு விருந்து?" என்றார் அத்தான் மெதுவாக.

போகாதே என்று அக்காவிடம் சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிடம் போல நல்ல நேரம் இல்லை, ஆனால் நான் எழும்பித் தேத்தண்ணீர் ஊற்றினேன். அக்கா மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பிறகு பயற்றம் மா டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். வெறுங்கையோடு யாரையும் அனுப்பமுடியாது. அன்று முழுக்கப் பணியாரம் சுட்டோம், போர்கில்ட் சட்டைக் கையை மடித்துவிட்டு எங்களோடு நின்று உருட்டினார், அவர் உருட்டினது எல்லாம் தட்டையாக வராமல் பந்து பந்தாக இருந்தது.

மறுநாள் மதியம் கடல் சிவந்த நேரம் பட்டினமே துறைமுகத்தில் நின்றது. அக்கா பணியாரம் நிறைத்த தகரப் பேணியைக் கரைக் கல்லில் வைத்து, அதை ஒரு கையால் தொட்டபடி பேசினாள்.

"உங்களுக்கு அலுவல் இருக்கு. நான்தான் மறிச்சு வைச்சிருந்தனான், குறை நினைக்காதேங்கோ. போய் உங்கட வேலையைப் பாருங்கோ."

தீவு அசையவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "விளங்குது. படலை மட்டும் வந்து விடவேணும், என்ன?" என்றாள். எங்கள் ஊரில் விருந்தாளியை வாசலில் வைத்துக் கதவைச் சாத்துகிறவர் உண்டா? கூடவே நடந்து பஸ் ஏற்றிவிடவேண்டும். அத்தான் வானை எடுத்துவந்தார், கப்டன் தன் கப்பலின் இரும்புத் தட்டை இறக்கிப் பாலம் போட்டார், நாங்கள் நால்வரும் வானோடு தீவில் ஏறினோம். பின்னால் கப்பல் வரும், எங்களைத் திருப்பிக் கொண்டுவர.

சில்லு மண்ணில் பட்டதும் லோம்யா புறப்பட்டது.

அந்தப் பயணத்தை நான் எப்படிச் சொல்வேன். தீவு கடலில் ஓடியது, நாங்கள் தீவின்மேல் ஓடினோம், மலையை வலக்கையில் வைத்துக்கொண்டு அத்தான் வானைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார், முன்கரைக்கு வரும்போது அலை இரண்டாகப் பிளந்து வெள்ளையாக எழும்பும், பின்கரைக்கு வரும்போது எங்கள் பட்டினம் சிறுத்துச் சிறுத்துப் போகும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சனம் நின்று கைகாட்டும், மான்கள் எல்லாம் முன்பக்கம் கூடி நின்று காற்றை முகரும், ஆரணி கண்ணாடியை இறக்கி இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டு நோர்வே மொழியிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினாள், கத்தாதே என்று சொல்லவேண்டிய அக்கா தானும் கத்தினாள். முனைக்கு முனை கூடாரம் அடித்தோம், கூடாரத்தைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் வேறு கடல், வேறு மலைத்தொடர். அடுப்பில் தேத்தண்ணீர் தீவின் நடைக்கு ஏற்ப ஆடிக்கொண்டே கொதித்தது. எனக்கு அப்போது ஒரு கவலையும் இல்லை, பங்குனி என்று ஒரு மாதம் இருப்பதே மறந்துபோயிற்று.

தீவு தன் பழைய இடத்துக்கு வந்து, நாய் படுக்குமுன் செய்வது போல ஒருமுறை திரும்பிச் சரிபார்த்து அமர்ந்தது. தென்கரையில் தண்ணீர் கறுத்தது. கறுத்தது மீன். படகுகள் எல்லாம் ஒன்றாக இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு போயின. போர்கில்ட்டின் படகு மட்டும் கரையில் நின்றது.

கப்பல் வந்து எங்களுக்காக வாயைத் திறந்தது. அக்கா போர்கில்ட்டின் கையைப் பிடித்து, பழக்க தோஷத்தில், "ஒருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்றாள்.

"எந்த நாள்?" என்றார் போர்கில்ட்.

அக்கா விழித்தாள்.

"நீ எப்போதும் வா என்கிறாய். எந்த நாள் என்று சொல்வதில்லை. தொழிற்சாலையில் என் தங்கை உன் பக்கத்தில்தான் நிற்கிறாள், ஒவ்வொரு கிழமையும் வீட்டுக்கு வந்து, இந்தமுறையும் அவள் நாள் சொல்லவில்லை என்பாள். நாள் சொல்லாத வீட்டுக்கு நாங்கள் எப்படி வருவது? அவமரியாதை அல்லவா?" போர்கில்ட் மேற்சட்டையின் உட்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துத் தன் கையுறையின் முதுகில் எழுதத் தயாராக வைத்துக்கொண்டார். "மீன் காலம் முடியும்வரை எனக்கு நேரமில்லை. ஏப்ரல் சொல்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். ஏப்ரலில் அந்த வீட்டில் வேறு யாரோ இருப்பார்கள். அத்தான் வானின் கதவைப் பிடித்தபடி நின்றார். வாழ்க்கை முழுக்க ஒருநாளைக்கு, ஆறுதலாக, பிறகு பார்ப்போம் என்றே பேசிப் பழகியவள், உதட்டை நனைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு வாற சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவள் அதைத் தமிழில் சொல்லிவிட்டாள் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆரணி தேதியைக் கணக்குப் பார்த்து மொழிபெயர்த்தாள். போர்கில்ட் கையுறையில் எழுதி, எழுதியதைக் காட்டி, சரியா என்று கேட்டார்.

"இஞ்சேர், அப்ப நாங்கள் ஒஸ்லோவில எல்லோ?" என்றார் அத்தான்.

"சனிக்கிழமை எண்டு சொல்லிப்போட்டனப்பா. அந்தாள் எழுதியும் போட்டுது" என்றாள் அக்கா. "அதுக்குள்ள திரைச்சீலை எல்லாம் தோய்க்கவேணும்."

அத்தான், "நல்ல சகுனம்" என்று சொல்லி ஏறி வானைக் கப்பலுக்குள் விட்டார். பின் சீற்றில் நான் அழுதேன், ஆரணி என் மடியில் தலைவைத்துச் சிரித்தாள், முன் சீற்றில் அக்கா எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி போடவேண்டும் என்று சத்தமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தாள்.